பதில் சொன்னவள்

படகின் மோட்டார் பாறையில் இடித்து நின்றபோது மூடுபனி இன்னும் விலகவில்லை. ரைலி துடுப்புகளை எடுத்துக் கொஞ்ச தூரம் வலித்தாள். பிறகு வீடு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் நிறுத்திவிட்டாள். பிறந்ததிலிருந்து இந்த ஏரியில்தான் மீன் பிடிக்கிறாள், இப்படி ஆனதில்லை. காலையில் எடுத்த வலை காலடியில் ஈரமாகக் குவிந்து கிடந்தது. அதில் சிக்கிய பெர்ச் மீன்கள் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. குரல் கொடுக்கலாமா என்று யோசித்தாள். இந்த ஊரில் மூழ்கினாலொழிய யாரும் ஏரியில் கத்திக் கூப்பிடுவதில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. எதிர்க்கரையில் மனைவியோடு இருக்கும் தாய்ஸ்தோ. எண்பதை நெருங்குகிறார், இரண்டு கண்ணிலும் புரை. ஏரியை மட்டும் விடவில்லை.

"பாறையில இடிச்சிருச்சா?"

"ஆமா."

"அந்தப் பாறை எங்கயும் போகல. நீதான் ஊர்ல இருக்கறதில்ல, மறந்துட்ட."

கேலி செய்கிறார் என்று நினைத்தாள். அவர் கயிறு கட்டி அவள் படகை இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியில், கரைச் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று மோட்டாரை நிறுத்தினார். கயிறு தொய்ந்தது. படகுகள் இரண்டும் மெல்ல உரசிக்கொண்டு நின்றன. அவர் கையை நீட்டி அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஹில்க்கா," என்றார்.

ஹில்க்கா ரைலியின் அக்கா. ஓவுலு நகரத்தில் இருக்கிறாள், கோடையில் ஒரு வாரம் வந்துபோவாள். இருவர் குரலும் ஒன்றுபோல இருக்கும். போனில் அம்மாவே மாற்றித்தான் கூப்பிடுவாள்.

"அன்னிக்குத் தீவுல நின்னு நீ கை காட்டுன. நான் பார்க்கலன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். பார்த்தேன்மா. பார்த்துட்டுத்தான் போனேன்."

நான் ஹில்க்கா இல்லை என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. ஆனால் விளிம்பைப் பிடித்திருந்த கையை அவர் எடுக்கவில்லை. வெளுத்த கண்கள் அவள் முகத்துக்குச் சற்று இடப்பக்கமாக எதையோ பார்த்திருந்தன.

"பரவாயில்ல, விடுங்க," என்றாள்.

அவர் தலையாட்டினார். மோட்டாரைக் கிளப்பினார். அவளுடைய படகுத்துறையில் விட்டபோது காபிக்குக் கூப்பிட்டாள், வரவில்லை.

மீனைச் சுத்தம் செய்துகொண்டே யோசித்தாள். எந்தத் தீவு? எந்த நாள்? 'எல்லாரிடமும்' என்றாரே, அவரிடம் கேட்ட அந்த எல்லாரும் யார்? வீட்டில் அப்படி ஒரு பேச்சு வந்த ஞாபகமே இல்லை. ஹில்க்கா பத்தொன்பது வயதில் ஊரைவிட்டுப் போனாள். வேலைக்குத்தான் என்றார்கள். ரைலியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

போன் செய்து இதைச் சொன்னபோது ஹில்க்கா சிரித்தாள். "கிழவனுக்குப் புத்தி கலங்கிடுச்சு. நான் எதுக்குத் தீவுக்குப் போறேன்?" பிறகு கூரை ஒழுகுவதைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள்.

"நான் மட்டும் நின்னேன்னு சொன்னாரா?"

"அதெல்லாம் சொல்லல. அப்போ, நின்னியா?"

"நீ என்ன சொன்ன அவர்கிட்ட?"

"பரவாயில்லன்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடும் சத்தம் கேட்டது.

"அதைச் சொல்ல நீ யாரு, ரைலி?"

மறுநாள் ரைலி எதிர்க்கரைக்குத் துடுப்பு வலித்துப் போனாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன என்பது அவளுக்குத் தெரியவில்லை. துறையில் மார்த்தா, தாய்ஸ்தோவின் மனைவி, கயிற்றை வாங்கிக் கட்டினாள்.

"நேத்து ஏரியில என்ன பேசிக்கிட்டீங்க, ரைலி?" என்றாள் தணிந்த குரலில். "வந்ததும் சாப்பிட்டார், தூங்கினார். இப்போ விசிலடிக்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து இந்த மனுஷன் விசிலடிச்சு நான் கேட்டதில்ல."

காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

கொட்டகைக்குப் பின்னால் தாய்ஸ்தோ மீனுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார். காலடி கேட்டுத் திரும்பினார்.

"நேத்து பேசினது…" என்று ஆரம்பித்தாள் ரைலி.

"அதான் பேசியாச்சே." தகரப் பெட்டியைத் திறந்து, விரல் சுடச் சுட இரண்டு மீன்களை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றினார். "ஒண்ணு உனக்கு. ஒண்ணு ரைலிக்குக் குடு. அவகிட்ட எதையும் சொல்லிக்கிட்டிருக்காத. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் வாங்கிக்கொண்டாள். காபிக்கு நிற்கவில்லை.

ஏரி நடுவில் துடுப்புகளை உள்ளே எடுத்துப் போட்டாள். படகு தன்பாட்டுக்கு மெதுவாகத் திரும்பியது. மடியில் வைத்துத் தாளைப் பிரித்தாள். இரண்டும் ஒரே நீளம், ஒரே பொன்னிறம், இரண்டின் தோலிலும் செய்தித்தாளின் எழுத்துகள் இடவலம் மாறி ஒட்டியிருந்தன. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை, பசித்தது. ஒன்றின் மேல் கை வைத்தாள், எது ரைலிக்கு என்று தெரியாமல் கையை எடுத்தாள், மற்றதன் மேல் வைத்தாள். எண்ணெய் தாளைத் தாண்டி அவள் பாவாடையில் ஊறிக்கொண்டிருந்தது.