எம்புட்டு தூரம் அடிக்கும்?

"இதவிட எம்புட்டு தூரம் அடிக்கும்?" என்று தன் பழைய டார்ச்சை நீட்டிப் பொன்னழகு கேட்டதும் பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரைக்குடியில் டார்ச்லைட் கடை போட்டுப் பதினோரு வருஷம். 'எம்புட்டு அகலம் அடிக்கும்' என்று இதுவரை ஒரு மனுஷன், ஒரே ஒரு மனுஷன்கூடக் கேட்டதில்லை. வெளிச்சம் என்ன கவட்டையில் விட்ட கல்லா, தூரத்தை வைத்து மதிப்பதற்கு? வருகிறவர்கள் எல்லோரும் எதிர் லாட்ஜின் இருட்டுப் படிக்கட்டுக்குள்தான் லைட்டை அடித்துப் பார்ப்பார்கள். மேல்படியில் ஈரத்துண்டோடு நிற்கிற எவனாவது கண் கூசித் திட்டிவிட்டால் போதும், சாமான் நல்ல சாமான், உடனே கட்டச் சொல்லிவிடுவார்கள்.

பொன்னழகும் இரண்டு மாதம் முன்பு அப்படி வாங்கிப் போனவர்தான். அமராவதிபுதூர்க்காரர். விடிவதற்கு முன் வாய்க்கால் வரப்பில் நடந்து, வயல் கொட்டகையில் நிற்கும் இரண்டு மாடுகளைப் பீச்சப் போவார். அந்த லைட்டோடு போய் இரண்டு தடவை வாய்க்காலில் விழுந்திருக்கிறார். இரண்டாம் தடவை பால்கேன் போயிற்று, மணிக்கட்டில் கட்டு. இன்று மகள் கிருஷ்ணப்ரியா ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கறாராகச் சொன்னாள்.

"இதான் கடைசி லைட்டு. இன்னொரு தடவ விழுந்தீகன்னா மாடு ரெண்டையும் வித்துருவேன், ஆமா. பேசிக்கிட்டிருங்க, மருந்து வாங்கிட்டு வாரேன்."

அவள் தலை மறைந்ததும் பொன்னழகு பொரிந்தார். "மாட்டக் குடுத்துட்டு நான் என்னத்தப் பண்ண? டிவி முன்னால குத்தவச்சு உக்காரவா? இந்த லைட்டுல கம்மாக்கரைப் பனைமட்டை தெரியுது தாயி, காலடிதான் தெரியமாட்டேங்குது. இன்னும் பவரா ஒண்ணு எடு."

பாண்டீஸ்வரி லைட்டை எடுக்கவில்லை, ஆளைப் பார்த்தாள். உள்ளே வரும்போதே இடப்பக்கம் தொங்கிய ஒயர் சுருளில் தோளை இடித்துக்கொண்டார். அவள் வாங்கி வைத்த டீ அவர் இடது முழங்கைக்குப் பக்கத்திலேயே ஆறிக்கொண்டிருந்தது, கண்டுகொள்ளவே இல்லை. எதைப் பார்த்தாலும் குழாய் வழியாகப் பார்க்கிறவர் போலத் தலையை முழுசாகத் திருப்பினார். அவளுக்குச் சுருக்கென்றது. அடப்பாவி, மனுஷனுக்குக் கண்ணே, தூரத்துக்கு ஒரே கோடாய் அடிக்கும் பாய்ச்சல் லைட்டாகிக் கிடக்கிறது! நடு மட்டும் தெரிகிறது, ஓரம் இல்லை. அந்தக் கண்ணுக்குப் பாய்ச்சல் லைட்டையே விற்றவள் யார்? அவளேதான். கேட்டதை எடுத்துக் கொடுத்தோமே, எதற்கென்று ஒரு வார்த்தை கேட்டோமா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"வாங்கண்ணே, குடோனுக்குள்ள அடிச்சுப் பாப்போம்" என்று இரண்டு லைட்டுகளோடு பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் இல்லாத அறை, பகலிலும் கும்மிருட்டு.

முதலில் அவருடைய பழைய லைட்டைக் கொடுத்தாள். பல்பைச் சுற்றி ஆழமான, வழவழப்பான கிண்ணம் வைத்தது. எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதி பளிச்சென்று தெரிந்தது.

"பாத்தியா!" என்று அவர் ஒரு எட்டு வைத்தார். பாண்டீஸ்வரி கையைப் பிடித்து நிறுத்தினாள். காலடியில் கேபிள் சுருள் கிடந்தது.

அப்போதுதான் கதவு லேசாகத் திறந்து, கிருஷ்ணப்ரியா உள்ளே வந்து அப்பாவுக்கு இடப்பக்கம் நின்றாள். பாண்டீஸ்வரி வாயெடுக்கப் போனாள். அந்தப் பெண் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"இப்ப இதப் பிடிங்க." இரண்டாவது லைட்டின் கிண்ணம் ஆழமில்லாதது, கமலாப்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். வெளிச்சம் தரையெல்லாம் பரவிற்று. காலண்டர் மங்கிவிட்டது.

"என்ன தாயி, சப்புன்னு இருக்கு!"

"இருக்கட்டும். காலண்டர் வரைக்குமா தாவப்போறீக? நடந்து பாருங்க."

அவர் தரையைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே கேபிளைத் தாண்டினார். திரும்பி வந்து மறுபடி தாண்டினார். முகத்தில் சின்னப்பிள்ளைச் சிரிப்பு.

"இதத்தான் தருவேன். ஆனா நாளைக்கே கண்ணாசுபத்திரிக்குப் போகணும். லைட்டு தரையத்தான் காட்டும்ணே, கண்ணச் சரிபண்ணாது."

பொன்னழகின் சிரிப்பு நின்றுவிட்டது. "ஆறு மாசமா இப்படித்தான் இருக்கு" என்றார். "அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொல்லிராத தாயி. தெரிஞ்சா அன்னைக்கே மாட்டப் பிடிச்சுக் குடுத்துரும்."

பாண்டீஸ்வரியின் பார்வை அவரைத் தாண்டி இடப்பக்கம் போயிற்று. அவர் ஏதோ புரிந்தவராக லைட்டோடு தலையையும் மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். கைக்கெட்டும் தூரத்தில் மகள் மருந்துப் பையோடு நின்றாள்.

"நீ எப்ப வந்த?"

"கேபிள மிதிக்கப் போனீகளே, அப்பயே. இங்குட்டுதான்ப்பா நிக்கிறேன்." மருந்துப் பையைக் கை மாற்றிக்கொண்டாள். "ஆறு மாசமா இங்குட்டுதான் நிக்கிறேன்."

லைட் பிடித்த கை தாழ்ந்தது. மாடுகளைப் பற்றி அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று பாண்டீஸ்வரி அவள் முகத்தையே பார்த்தாள். கிருஷ்ணப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவின் மேலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டாள்.

"அக்கா, இது எம்புட்டு அகலம் அடிக்கும்?"

தரையில் பரந்து கிடந்த அந்த வெளிச்சத்துக்குள் அவருடைய சேறு அப்பிய செருப்பும், அவளுடைய செருப்பும், நடுவில் அந்தக் கேபிள் சுருளும் ஒன்றாகத் தெரிந்தன.