தாய்லாந்திலிருந்து வந்த மௌனம்

தாய்லாந்துக்குப் போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க என் அண்ணன் ராஜதுரை தன் பைக்கை விற்றான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவன். கடை இரைச்சல் மண்டைக்குள் புகுந்துவிட்டது என்றான். அங்கே காட்டுக்குள் ஒரு புத்த மடமாம். ஒரு வேளைதான் சோறு. சொந்த ஊரின் அருமை அவனுக்கு முதலில் வயிற்றில்தான் உறைத்திருக்கும் என்பது என் கணிப்பு.

திரும்பியவன் கடையைத் திறக்கவில்லை. நேராகக் கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலையைத் தாண்டி இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தான். அதுவரை டவர் கிடைக்காத ஊர் என்று திட்டிக்கொண்டே மாதம் ஒரு தரம் தலைகாட்டிப் போனவன்.

"அவ்ளோ தூரம் போய்த் தேடனது இங்கயே இருக்குடா," என்றான் என்னிடம். "நம்ம மலை மாதிரி அங்க ஒண்ணு கெடையாது. இந்த அமைதி இருக்கு பாரு..."

அந்த நேரம் பார்த்து டங் டங் என்று சத்தம். அவன் மனைவி நர்மதா, தினைக் கொல்லையில் காவல் பரண்மேல் நின்று தகரத் தட்டை அடித்துக்கொண்டிருந்தாள். கதிர் முற்றும் பருவம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை யாராவது சத்தம் போடாவிட்டால் கிளிக்கூட்டம் இறங்கிவிடும். அவள் ஒருத்தியாக விதைத்துக் களை எடுத்த கொல்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு வருடக் கஞ்சியும் அடுத்த போகத்துக்கு விதையும் அதில்தான் இருந்தன.

"அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுடா."

"நீயே சொல்லு."

போய்ச் சொன்னான். அண்ணி மேலேயிருந்து, "இன்னா மாமா, கிளிங்ககிட்ட தாய்லாந்து பாஷையில சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டு இன்னும் ஓங்கி அடித்தாள்.

சென்னையில் நைட் ஷிப்ட் பார்த்து, பகலில் தூங்க முடியாமல் வேலையை விட்டு வந்தவன் நான். சத்தத்தின் கொடுமை எனக்கும் தெரியும். அதற்காக யாரும் தன் சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்வதில்லை.

நாலைந்து நாளில் அண்ணிக்குக் கடைவாய்ப் பல் வலித்துக் கன்னம் பன் மாதிரி உப்பியது. நான்தான் வண்டியில் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனேன். கிளம்பும்போது தட்டையும் குச்சியையும் அண்ணன் கையில் கொடுத்து, "கண்ண மூடிக்கினு ஒக்காந்துடாத மாமா. ஒரே ஒரு நாளு," என்றாள்.

"நான் பாத்துக்கறேன், நீ போ."

டாக்டர் பல்லைப் பிடுங்கி, வாயில் பஞ்சை வைத்து, பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வளைவு வளைவாக மலையேறி வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. தகரச் சத்தம் கேட்கவில்லை. வண்டி நிற்கும் முன்பே அண்ணி குதித்து ஓடினாள்.

பாதிக் கொல்லை மொட்டை. கதிர்கள் வெறும் சக்கையாக ஆடின. பரணுக்குக் கீழே அண்ணன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரில் அந்தத் தகரத் தட்டு. கிளிகள் குடிக்க அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தான்.

"நர்மதா, நீ பாத்திருக்கணும். கூட்டம் கூட்டமா வந்துச்சி. ஒண்ணுகூட என்னப் பாத்து பயப்படல."

அண்ணி வாய் திறக்கவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா, ஒனக்கும் பேசத் தோணல. இதான் மௌனம்."

அவள் பஞ்சைத் துப்பினாள். ரத்தத்தோடு அது அவன் காலடியில் விழுந்தது.

"கட்டன பொண்டாட்டி நானே ஒன்னப் பாத்து பயப்படல. கிளி எதுக்குய்யா பயப்படும்?"

தட்டுத் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தாள். "அங்க போயி வாய மூட பைக்க வித்த. இங்க வாயத் தெறக்க ஒண்ணும் விக்க வேணாம். நாளையிலேர்ந்து நீதான் பரண்ல."

மறுநாள் விடியும்போதே ஏற்றிவிட்டாள். தட்டை அவனிடம் தரவில்லை. தொண்டையாலேயே ஓட்டினான். இறங்கப் பார்த்தால் கீழிருந்து அண்ணி நிமிர்ந்து பார்ப்பாள், மறுபடி கத்துவான். அறுப்பு வரை அப்படித்தான். மிச்சப் பாதி வீடு வந்து சேர்ந்தது. விதைக்கு எடுத்து வைத்தது போக, கஞ்சிக்கு அரை வருடம்தான் தாங்கும்.

அறுப்பன்று அண்ணனுக்குக் குரலே இல்லை. கஞ்சிக்கு உப்பு வேண்டுமென்று கையை ஆட்டிக் காட்டினான். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. அவன் ஆசைப்பட்ட மாதிரியே வீடு அமைதியாக இருந்தது.