போட்டோவில் இல்லாத விறகுப்பெட்டி

இந்த மலையில் நவம்பர் என்றால் கோடைத் தொடக்கம். அப்போதும் பனி கொட்டுவது டூலன் குடிலுக்குப் புதிதல்ல. நெவில்தான் எதிர்பார்க்கவில்லை. அவன் கட்டி வைத்திருந்த தார்ப்பாயைக் காற்று அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"போச்சு. கழட்டி வெச்ச பழைய பலகையெல்லாம் நனையுது," என்றபடி உள்ளே வந்தான்.

"கதவைச் சாத்து," என்றாள் நோரீன்.

"மேற்குப் பக்கம் சுவரே இல்ல. கதவைச் சாத்தி என்ன ஆகப்போகுது?"

"பழக்கதோஷம். சாத்து."

நோரீன் எழுபதைத் தாண்டியவள். அவள் தாத்தா கட்டிய குடில் இது. கோடை முழுக்க மேலே மாடு மேயும். டூலன் குடும்பம் இங்கே கிடக்கும். மேய்ச்சல் நிறுத்தப்பட்ட பிறகு குடில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதை நிமிர்த்த வந்தவன்தான் தச்சன் நெவில். அவனோடு வேலை செய்யும் தொண்டர்கள் மறுநாள் வருவதாக இருந்தது.

நெவிலுக்கு எல்லாமே ஒரு பழைய போட்டோதான். தாத்தா வாசலில் நிற்க, திறந்த கதவு வழியே கணப்படுப்பு தெரியும் போட்டோ. அதில் உள்ளது இருக்க வேண்டும், இல்லாதது போக வேண்டும். கணப்படுப்பின் அருகே இருந்த விறகுப்பெட்டி அதில் இல்லை. பெட்டியைப் போன மாதமே பிரித்துக் கீழே அனுப்பிவிட்டான்.

"கதவு மட்டும் நல்லவேளை அசல்," என்று அதைத் தட்டிப் பார்த்தான்.

நோரீன் சிரித்தாள். "அசலா? அசலை எங்கப்பா எரிச்சுட்டாரு. யாரோ ஒருத்தன் வழி தவறி வெறைச்சுப்போய் வந்தான். விறகு தீர்ந்துபோச்சு. இது அதே அளவுல அப்புறம் செஞ்சது."

"இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? அறிக்கையில அசல்னு எழுதிட்டேனே."

"திருத்திக்கோ. தாத்தா ஒரு வாரம் அப்பாவைத் திட்டினாருன்னும் சேர்த்துக்கோ."

அவள் மடியில் கம்பளியில் சுற்றிய ஒரு பலகை. பரணில் அவளும் அண்ணன் மெர்வும் படுத்த கட்டிலின் தலைமாட்டுப் பலகை. வேலிக்கம்பியைக் காய்ச்சி மெர்வ் சின்ன வயதில் அதில் இரண்டு பேர் பெயரையும் தீய்த்து எழுதியிருந்தான். பின்னாளில் மரலாரி கவிழ்ந்து மெர்வ் போனான். காட்டுத்தீயில் வீடும் போட்டோக்களும் போயின. அவன் கைபட்டதென்று குடிலில் மிஞ்சியது இது ஒன்றுதான். போன குளிர்காலம் முழுக்கத் தன் புது வீட்டு அடுப்பருகே வைத்துக் காப்பாற்றியிருந்தாள். மேற்குச் சுவர் எழும்பியதும் அதில் பதிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த வயதில் மலையேறி வந்திருந்தாள்.

அப்போது, சுவர் இல்லாத பக்கமாக ஓர் ஆள் உள்ளே வந்தான். தோளில் ஒரு பெண்ணைத் தாங்கியிருந்தான்.

"ஓடையில விழுந்துட்டா," என்றான். "பேரு டெல்லா. முதல்ல ரொம்ப நடுங்கினா. இப்ப பரவாயில்ல, நடுக்கம் நின்னுடுச்சு."

நோரீன் சட்டென்று எழுந்தாள். "நின்னதுதான்பா ஆபத்து. ஈரத்துணியைக் கழட்டு. நெவில், தூக்கப்பை, கம்பளி எல்லாத்தையும் எடு. தீ மூட்டு."

கம்பளிகளால் டெல்லாவைச் சுற்றினார்கள். ஆனால் திறந்த பக்கம் வழியே காற்று அறுத்தது. நெவில் ஒரு பழைய பலகையை அடுப்பில் வைத்தான். அது சீறிப் புகைந்து அணைந்தது. சுவருக்கு வந்த புதுப் பலகைகள் பச்சை மரம், தண்ணீர்தான் கசிந்தது. கதவும் பனியில் ஊறிக் கிடந்தது. அவன் கண் விறகுப்பெட்டி இருந்த மூலைக்குப் போயிற்று. போகிறவன் வருகிறவனுக்காக உலர்ந்த விறகை நிரப்பிவிட்டுப் போகும் மூலை. அங்கே சுத்தமாகப் பெருக்கிய மண்தரை.

டெல்லாவின் உதடு நீலமாகியிருந்தது.

நோரீன் கம்பளியைப் பிரித்தாள்.

"வேணாம் நோரீன்," என்றான் நெவில். "இன்னொரு தடவை அவரை இழக்கணுமா..."

"கோடாலி எங்க?"

அவளே பிளந்தாள். எலும்பாக உலர்ந்த மரம். முதல் தீக்குச்சியிலேயே பற்றியது. தீ எழுந்ததும் பச்சைத் துண்டுகளை ஓரமாக அடுக்கி உலர்த்தினார்கள். அவை பிடிப்பதற்குள் தீ தாழ ஆரம்பித்தது.

"நெவில், கோட்டுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"உனக்குப் பொய் வராது, காது செவக்குது. குடு."

அவன் எடுத்துக் கொடுத்தான். மெர்வின் பெயர் இருந்த துண்டு. நோரீன் கட்டைவிரலால் தீய்த்த எழுத்தின் பள்ளத்தை ஒருமுறை தடவினாள்.

"கம்பி ஆறி ஆறிப் போச்சு அவனுக்கு. குடில் முழுக்கக் கருகின வாசம். அப்பா மோப்பம் பிடிச்சுட்டு வந்தாரு. நான்தான் ரொட்டியைத் தீச்சுட்டேன்னு சொன்னேன். ராத்திரி சோறு இல்ல எனக்கு. இவன் தன் பங்கைத் தலகாணிக்கடியில ஒளிச்சுக் கொண்டாந்தான்."

துண்டைத் தீயில் வைத்தாள். அதே வாசம் எழுந்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். பச்சை மரம் மெல்லப் பிடித்தது.

கம்பளிக்குள் டெல்லா நடுங்க ஆரம்பித்தாள். பல் தாளம் போட்டது.

"நடுங்கு கண்ணு, நல்லா நடுங்கு," என்றாள் நோரீன்.

காலையில் வெயில் வந்தது. டெல்லா தன் காலால் நடந்தாள். கிளம்பும்போது, "நேத்து என்னத்தை எரிச்சீங்க?" என்று கேட்டாள்.

"கட்டில் பலகை. இப்பல்லாம் பரண்ல யாரும் படுக்கறதில்ல."

அவர்கள் போன பிறகு நோரீன் உள்ளே திரும்பினாள். நெவில் மூலையில் மண்டியிட்டு அளவுநாடாவைப் பிடித்திருந்தான்.

"என்ன பண்ற?"

"விறகுப்பெட்டி."

"போட்டோவுல அது இல்லையேப்பா."

நெவில் நிமிரவில்லை. தரையில் ஆணியால் ஒரு கோடு கீறினான்.

"போட்டோ எடுத்தவன் குளிராத நாள்ல வந்திருப்பான்," என்றான்.