பழைய இடத்திலேயே குத்து

டிரைவருக்கு மிச்சமிருந்தது இடது கை ஒன்றுதான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபின் மூன்று வருஷமாக, வாரத்தில் மூன்று நாள், டயாலிசிஸ் பிரிவின் ஜன்னலோரக் கட்டில் அவருக்கு. ரத்தத்தை இயந்திரத்துக்கு அனுப்ப வலது கையில் ஆபரேஷன் செய்து தடிக்கவைத்த நரம்பு அடைத்துப்போயிற்று. கழுத்தில் குழாய் வைத்ததில் காய்ச்சல் கண்டு அவர் பிழைத்ததே பெரும்பாடு. "இந்தக் கையும் போச்சுன்னா ஊசி போட வேற இடம் இல்லம்மா" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவர் மனைவி அந்தக் கையில் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கவிட்டதில்லை.

ஆகையால், படிப்பு முடித்த சூட்டோடு வந்து நின்ற புது நர்ஸை அவளுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. டிரைவர் அந்தப் பெண்ணுக்கு 'எல் போர்டு' என்று பெயர் வைத்தார். பெண் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

"கத்துக்கிறதுக்கு வேற கையைப் பாரு. இங்க ஸ்பேர் கிடையாது."

வேலை சொல்லிக்கொடுக்க வேண்டிய பெரிய சிஸ்டர் அங்கே பதினாறு வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவள். படிப்பில் அந்தப் பெண் வாங்கிய மெடலே அவளுக்கு உறுத்தல். "ஏ மெடல், அந்தக் குழாயை மாட்டு. மெடல் வாங்கின கைக்குக் கிளிப் போடத் தெரியலையா?" என்று ஆறு கட்டிலுக்கும் கேட்கத் திட்டுவாள். ஒவ்வொரு திட்டுக்கும் டிரைவரின் மனைவிக்கு மனசு குளிர்ந்தது.

நாலாவது வாரம்தான் டிரைவருக்குக் குத்தும் ஊசியைப் பெண் முதன்முதலாகக் கையில் வாங்கினாள். அவள் உடனே குத்தவில்லை. டிரைவரின் கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். திரும்பத் திரும்பக் குத்திய இரண்டு இடமும் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தன.

"சிஸ்டர், தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயிடுச்சு. இங்க குத்தக் கூடாது. ரெண்டு விரல் தள்ளிக் குத்தறேன். டாக்டர் கிட்டயும் காட்டிடலாம்."

"ரெண்டு வருஷமா நான் கண்ணை மூடிட்டுக் குத்துற இடம் அது. எனக்கே பாடம் எடுக்கறியா?"

"நீங்களே கையைப் பாருங்க சிஸ்டர்."

"ஒன்பதரைக்குள்ள ஆறு பேருக்கும் மெஷின் ஓடணும். புது இடத்துல குத்திக் கை வீங்கினா பதில் சொல்ல உங்க அப்பன் வருவானா?"

பழைய இடம் மரத்துப்போயிருந்தது. அங்கே குத்தினால் அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை புது இடத்தில் குத்தியபோது அவர் போட்ட சத்தம் இன்னும் மனைவியின் காதில் இருந்தது. அவள் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"குத்தணும்னா பழைய இடத்திலேயே குத்து. இல்லேன்னா அவர் கையை விடு."

பெண் டிரைவரைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காதே எல் போர்டு. எங்க வீட்டுல இவ தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது."

பெண் குத்தினாள். அவர் இமைகூட அசையவில்லை. "பார்த்தியா மெடல்?" என்றாள் பெரிய சிஸ்டர். டிரைவரின் மனைவியும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் காலை வீட்டில் டிரைவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது புடைப்பின் மேலிருந்த பொருக்கு கழன்றது. ரத்தம் கண்ணாடி வரை பாய்ந்தது. மனைவி துண்டைச் சுற்றி அழுத்தினாள். துண்டு போதவில்லை. ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பும்போது அவர் இல்லை.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் விசாரித்தார்கள். "கடைசியா குத்தினது இந்தப் பொண்ணுதான் சார். புதுசு" என்றாள் பெரிய சிஸ்டர்.

"வேண்டாம்னு சொன்னேன். இந்தம்மா அங்கதான் இருந்தாங்க, கேளுங்க" என்றாள் பெண்.

அதிகாரி டிரைவரின் மனைவி பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் பெண்ணை அவளுக்கு இப்போதும் பிடிக்கவில்லை. பெண் சொன்னது சரியாகிப்போன பிறகு முன்னைவிடப் பிடிக்கவில்லை.

"சொன்னா. நாங்க ரெண்டு பேரும் கேட்கல."

பெரிய சிஸ்டர் அவளை எரிப்பதுபோலப் பார்த்தாள். வெளியே வராந்தாவில் பெண் பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருப்பாள். அதற்கு இடம் கொடுக்காமல் இவள் திரும்பி நின்றாள்.

"அவ்வளவு தெரிஞ்சவ, ஏண்டி குத்தினே?"

"பயந்துட்டேன்."

"அந்தப் பிசாசுக்கா?"

"அவங்க தினமும் திட்டுறவங்க, அது பழகிடுச்சு. உங்களுக்குத்தான் பயந்தேன்."

அடிக்கத்தான் கை எழுந்தது. பெண் விலகவில்லை.