கையசைத்தது தெரியவில்லை

புதுக் காரின் கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி வந்தது அவள் கணவர்தான். "வெயில்ல பையன் வாடிப்போறான்ல?" என்றார். பகலில் அவளுக்கும் சுகமாகத்தான் இருந்தது.

அன்று டியூஷன் முடிந்த மகனைப் பின்சீட்டில் ஏற்றியபோதே பொழுது சாய்ந்திருந்தது. தூறல் வேறு. சந்து மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் நிறுத்தினாள். பக்கத்து நடைபாதையில், துணி மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி டெய்லர் நின்றிருந்தார். மகனுக்கு யூனிஃபார்ம் தைப்பவர். 'போங்க' என்று கையசைத்தாள். அவர் கண்ணாடியையே உற்றுப் பார்த்தார், நகரவில்லை. மறுபடி அசைத்தாள். ம்ஹூம். சரி, நம்மைத்தான் போகச் சொல்கிறார் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். அதே நொடி அவரும் ரோட்டில் இறங்கினார்.

'டப்'பென்று ஒரு சத்தம்.

ஓங்கி மிதித்து நிறுத்தினாள். ஆளைக் காணோம். பக்கக் கண்ணாடியில் இருட்டும் மழைத்துளியும்தான்.

"அம்மா, யாரையாவது இடிச்சுட்டியா?"

கண்ணாடியை இறக்கும் பட்டனை அவள் விரல் தேடித் தேடித் தவறவிட்டது. அது பாதி இறங்குவதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

டெய்லர் ஈரத் தரையில் உட்கார்ந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வெள்ளைச் சட்டைகள் சேற்றில் கிடந்தன.

"அண்ணே! அடி பலமா?"

"அட, நீங்களாம்மா?" என்றார் அவர்.

கிளினிக்கில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று தையல். அது முடியும்வரை அவள் உட்காரவே இல்லை.

"நான் உங்களப் போகச் சொல்லிக் கையக் காட்டினேண்ணே."

"யாருக்குத் தெரிஞ்சுது? கண்ணாடில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. வண்டி நிக்குதேன்னு இறங்கிட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் கணவரைக் காருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். வெளியே இருட்டில் இரண்டடி தள்ளி நின்று கையை உயர்த்தினாள்.

"எத்தன விரல்?"

"கொஞ்சம் கிட்ட வாயேன்."

"கிட்ட வந்தா இடிச்சுடுவீங்க."

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. உள்ளிருந்தபடியே ஃபிலிமின் ஓரத்தை நகத்தால் நெம்ப ஆரம்பித்தார். மறுநாள் ஃபிலிம் ஒட்டிய கடைக்காரர் மிச்சத்தை உரித்து, பசையைச் சுரண்டிக் கொடுத்தார்.

டெய்லரின் கை பத்து நாளில் ஆறிவிட்டது. அவளுக்குத்தான் இன்னும் அந்தச் சந்து முனை வந்தால் உள்ளங்கை வேர்க்கிறது. யாராவது நின்றால், மழையானாலும் கண்ணாடியை இறக்கி, "போங்க, போங்க" என்று சத்தமாகவே சொல்லிவிடுகிறாள்.