மேன்ஹோல் எங்க இருக்கு, சார்?

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்பீர்கள். நான் அந்த அழகான அர்த்தத்தில் சொல்லவில்லை. நேற்றுக் காலை, எங்கள் வீட்டுக் கழிவுக்குழாயைப் பழுதுபார்க்க வந்த கண்டிராக்டர் கமலநாதன், "மேன்ஹோல் எங்க இருக்கு, சார்?" என்று கேட்டார். "தெரியலையே. பழைய வீடு" என்றேன்.

தெரியும். நன்றாகவே தெரியும். என் மனைவி கஸ்தூரி கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டப் போனாள்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"கழிவுக்குழாய் கண்டிராக்டர்கள் எல்லாருக்கும் ஒரே பல்லிளிப்புதான், ஒரு குழாயைச் சரிசெய்ய வந்து நாலு குழாயை உடைத்து"

அடித்துவிட்டேன். அதில் கமலநாதன் திருடன். நீங்கள் சிரித்திருப்பீர்கள். கண்டிராக்டர் என்றாலே ஏமாற்றுக்காரன் என்று நம்ப எல்லாரும் தயாராக இருக்கிறோம், எனக்கும் அது வசதி. ஆனால் வந்த மனிதர் அப்படியில்லை. எங்கள் வீட்டுக் கீழ்க் கழிவறை பொங்கித் தரையெல்லாம் நாறிக் கிடந்தபோதும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "தேவயில்லாம தரைய உடைக்கக்கூடாது சார். மேன்ஹோல் கெடைச்சா போதும் லா, அரை நாள் வேல" என்றார்.

இரண்டாவது வரைவு: "வீடுகளுக்கும் மனிதர்களைப்போலக் குடல்"

சே. முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் கட்டுரை திருத்தியவன் எழுதுகிற வரியா இது?

மூன்றாவது: "பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான்"

இதை முடிக்க முடியவில்லை. நான்காம் பகுதியில் மறுபடி முயல்கிறேன்.

3

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் எங்களுடையது வரிசை வீடு. பின்பக்கமாக ஓடும் கழிவுக்குழாய், பக்கத்து வீட்டைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வரும். மேன்ஹோல் கிடைக்காததால் கமலநாதன் அங்கே போனார். அது பரக்கத் நிஷா அக்கா வீடு. கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். குளியலறைத் தரையை ஓரமாக உடைத்து, குழாய்க்குள் கேமரா விட வேண்டும் என்று கமலநாதன் கேட்டதும் அக்கா சம்மதித்துவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் உடைக்கும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வார்த்தையில் நான் அதை நிறுத்தியிருக்கலாம். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் அக்கா வேலியருகே வந்தார். முக்காட்டில் சிமெண்டுத் தூசி.

"எங்க வீட்டுப் பைப்புதான் சரியில்ல போல, சார். என்னால உங்களுக்கும் கஷ்டம். தப்பா எடுத்துக்காதீங்க."

"பரவால்லக்கா" என்றேன்.

[இந்தப் 'பரவால்லக்கா'வை எடுத்துவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். நான் அவரை மன்னித்திருக்கிறேன், பாருங்கள். இருக்கட்டும். நீங்களும் பார்க்க வேண்டும்.]

4

கேமரா ஓரிடத்தில் முட்டி நின்றது. கமலநாதன் எங்கள் வீட்டுக்கு வந்து, கேமரா நிற்கும் இடத்தைக் காட்டும் கருவியைத் தரையோடு நகர்த்திக்கொண்டே போனார். பின்னறையில், என் எழுதும் மேசைக்கடியில் அது கத்தியது.

இனி மூன்றாவது வரைவை முடிக்கலாம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் அடுப்படியைப் பின்னால் நீட்டி, அதில் பாதியை எழுதும் அறையாக்கினேன். மேன்ஹோல் மூடி தரையைவிட மூன்று அங்குலம் தூக்கிக்கொண்டிருந்தது. மேசை ஆடும். இந்தோனேசியத் தொழிலாளி மூடியை எடுத்துவிட்டு, "துத்துப்?" என்று கேட்டான். மூடிவிடவா என்று. தலையாட்டினேன். உடைந்த செங்கல்லும் சாந்தும் உள்ளே சரிந்து விழுந்ததைப் பார்த்தேன். "வெளியே எடு" என்று சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் டைல்ஸில் மறைத்தேன்.

மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினோம். கமலநாதன் தரையை விரலால் தட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குப்ப அவங்க பைப்பு வந்து சேர்ற வாயிலதான் கெடக்கு, சார். கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிருக்கு. உங்களுக்கு இப்பத்தான் வந்துச்சு. அவங்களுக்கு ரொம்ப வருஷமா இருக்கு. டெய்லி வாளி வாளியா தண்ணி ஊத்துவாங்களாம். வாடைக்குப் பயந்து வீட்டுக்குள்ள யாரையும் கூப்பிடுறதே இல்லன்னு சொன்னாங்க."

கருவியை அணைத்துப் பையில் வைத்தார்.

"நாளைக்கு வேற எடத்துல வேல. நாளன்னைக்கு ஒம்பது மணிக்கு வந்து இதை உடைக்கிறேன். அக்கா கண்டிப்பா கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும், சார்?"

"நானே சொல்லிக்கிறேன்."

"அதான் நல்லது சார்" என்று செருப்பை மாட்டினார்.

5

அடிக்குறிப்பாகப் போட நினைத்தது இது. சிறிய எழுத்தில் போட்டால் சிறிதாகிவிடும் என்ற நப்பாசைதான். பெரிய எழுத்திலேயே எழுதுகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் 'பூட்டிய கேட்' என்று ஒரு கதை எழுதினேன். ஒரு முஸ்லிம் பெண்மணி. முன்பெல்லாம் பெருநாளென்றால் அண்டை அயலையெல்லாம் வீட்டுக்குள் உட்காரவைத்துப் பரிமாறுவார். இப்போது கேட்டோடு சரி, பிரியாணியை டப்பாவில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். காலம் மாறிவிட்டது, மனங்களுக்கு நடுவே சுவர் எழும்பிவிட்டது என்று முடித்திருந்தேன். ஞாயிறு மலரில் வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு கூட்டத்தில் அதைப் பாராட்டிப் பேசினார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அக்கா ஞாயிறு மலர் வாங்குகிறவர். "கதை படிச்சேன், சார். நல்லா எழுதியிருந்தீங்க" என்றார். தன்னை அடையாளம் தெரியவில்லை போலும் என்று நான் நிம்மதியடைந்தேன்.

அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்கு எங்களை உள்ளே அழைத்தார். எங்களை மட்டும். சாம்பிராணிப் புகையில் எனக்கு இருமலே வந்துவிட்டது. கஸ்தூரி கை கழுவ எழுந்தபோது அக்கா பதறி ஓடிவந்து, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "பாத்ரூம்ல வேல நடக்குதும்மா" என்றார். வேலை எதுவும் நடக்கவில்லை.

வீடு திரும்பியதும் கஸ்தூரியிடம் நான் சொன்னேன்: "பாத்தியா, ஒரு கதை ஒரு கதவைத் திறந்திடுச்சு."

வெட்கமாக இருக்கிறது. இதைவிட நல்ல சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) நான் போய் உண்மையைச் சொல்கிறேன். அக்கா கண் கலங்கி, "போகட்டும் சார், தெரியாமத்தானே" என்கிறார். இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் உறைத்தது: நான் தெரிந்தேதான் செய்தேன். எனக்கு வேண்டிய மன்னிப்பை நானே எழுதி அவர் வாயில் வைத்திருக்கிறேன்.

ஆ) மேன்ஹோலை மூடியது அந்தத் தொழிலாளி, எனக்குத் தெரியவே தெரியாது என்கிறேன். அக்கா நம்புவார். கமலநாதன் நம்ப மாட்டார், ஆனால் வாய் திறக்க மாட்டார். கதையாக இது நன்றாகவே வரும்.

இ) இந்தத் தாள்களை அக்காவிடம் கொடுத்துவிடுவது. அவரே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். இதுதான் எனக்குப் பிடித்தது. வாசகரிடம் முடிவை ஒப்படைத்த மாதிரியும் இருக்கும், கௌரவமாகவும் இருக்கும். கஸ்தூரியிடம் படித்துக் காட்டினேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அவங்கள வெச்சு எழுதினது போதும்" என்றாள். "எழுந்து போய் வாயால சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது?"

"தெரியலையேன்னு எவ்ளோ சுலபமா சொன்னீங்க, நேத்து."

இப்போது மாலை ஐந்தரை. கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா வீட்டு வாசலுக்கு இங்கிருந்து முப்பது அடிகூட இருக்காது. காலையிலிருந்து எழுதுகிறேன், எழுதிக்கொண்டிருக்கும்வரை போகவில்லை என்று அர்த்தம். நீங்கள் இதுவரை வாசித்த ஒவ்வொரு வரியும் நான் போகாமல் உட்கார்ந்திருந்த நேரம். இந்தக் கதை நன்றாக வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், அவ்வளவு நேரம் நான் இங்கேயே இருந்திருக்கிறேன்.

அக்கா என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். அவர் சொல்லப்போவதை நான் எழுத மாட்டேன். இன்னும் ஒரு நல்ல வரி மனதில் இருக்கிறது, அதையும் எழுதிவிட்டுப் போகலாம் என்று