ஒத்த ரிங்கு

எங்கள் பாறையில் சாயங்காலம் போன் அடித்தால் யாரும் எடுக்க மாட்டோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் இந்தப் பொம்பளைகளுக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு போனைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒன்று கத்தும், உடனே அடங்கும். அந்தப் போனுக்குச் சொந்தக்காரி சிரித்துக்கொண்டே சேலையை உதறிக் கீழே இறங்கிவிடுவாள்.

முள்ளுக்குறிச்சியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிற பக்கம், அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். மலை மறைப்பதால் மற்ற ஊர்களுக்கு முன்பே எங்களுக்குப் பொழுது இறங்கிவிடும். டவரையும் அதே மலைதான் மறைக்கிறது. ஊருக்குள் எங்கே நின்றாலும் சிக்னல் கிடையாது. சரிவில் கொஞ்சம் ஏறினால் ஒரு மொட்டைப் பாறை. அதன் மேல் மட்டும் இரண்டு கோடு காட்டும்.

ஊரில் பாதி ஆம்பளைகள் போர்வெல் வண்டியில் வடக்கே போனவர்கள். கிணறெல்லாம் வற்றிப்போன பிறகு காட்டு வெள்ளாமையை நம்பி எத்தனை பேர் உட்கார்ந்திருக்க முடியும்? என் வீட்டுக்காரர் பூபதியும் அப்படித்தான் போனார். அப்போது வெளி மாநிலத்தில் போனை எடுத்தாலும் காசு, அடித்தாலும் காசு. அதனால் பெண்டாட்டிகளும் புருஷன்களுமாக நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால், நான் நன்றாக இருக்கிறேன். நான் திருப்பி ஒரு ரிங் விட்டால், இங்கேயும் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ரிங் நிற்காமல் அடித்தால் மட்டும் எடுக்க வேண்டும். அப்படி யாருக்கும் அடித்துவிடக் கூடாது என்று பாறையில் நிற்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்வேன்.

எனக்கு வாய் அதிகம் என்று ஊரே சொல்லும். அவருக்கோ பேச்சே வராது. நேரில் இருந்தபோது நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு 'ம்' கிடைக்கும். அதனால் அந்த ஒரு ரிங்கே எனக்குப் போதுமானதாக இருந்தது. சில நாள் ரிங் கொஞ்சம் நீளமாக வரும். அன்றைக்கு மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொள்வேன்.

ஆவணி மாதம் அந்த ரிங் நின்றது. காட்டுக்குள் போயிருப்பார்கள், சிக்னல் இருக்காது என்று பக்கத்து வீட்டுப் பழனாயி அக்கா சொன்னார். அவர் மகனும் வேறொரு வண்டியில் இருக்கிறான். அவனுடைய ரிங் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு காலையில் பூபதியின் வண்டி மேனேஜர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சத்தீஸ்கர்லீங்க. பாலத்துல தண்ணி போறப்ப வண்டிய எறக்கிட்டாங்க. மத்தவங்க நீந்தி வந்துட்டாங்க. நம்ம பையனும், சுக்ராம்னு அந்த ஊர்ப் பையன் ஒருத்தனும் போயிட்டாங்க. தேடிக் கண்டுபிடிக்கறதுக்கே நாளாயிப்போச்சுங்க."

பின்னாலேயே பெட்டி வந்தது. திறக்க வேண்டாம், பார்க்கிற நிலைமையில் இல்லை என்றார்கள். ஆணி அடித்த பெட்டியைக் கட்டிக்கொண்டு என் மாமியார் அத்தாயி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உள்ளே இருப்பது யார் என்று பார்க்காமல் நான் யாரை நினைத்து அழுவது? அவருடைய துணிமணி ஒரு பையில் வந்திருந்தது. போன் இல்லை. கேட்டதற்கு, அவர்கள் தங்கியிருந்த டெண்டில் கிடந்த சாமானில் போன் இல்லை என்று மேனேஜர் சொன்னார். பெட்டியைத் திறக்காமலே புதைத்தோம்.

கருமாதி முடியும்வரை நான் வீட்டை விட்டு இறங்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் என் கால் நிற்கவில்லை. பின்பக்கமாகப் போய்ப் பாறை ஏறினேன். என்னைப் பார்த்ததும் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவருடைய நம்பரை அழுத்தினேன். சுவிட்ச் ஆஃப் என்று இத்தனை நாளும் சொன்ன அந்தக் குரல் மறுபடியும் சொல்லும், கேட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

ரிங் போனது.

ஒரு ரிங்கிலேயே கட் செய்துவிட்டேன், பழக்க தோஷம். கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு என் உள்ளங்கையில் போன் கத்தியது. பூபதி என்று பெயர் வந்தது. ஒரே ஒரு ரிங். அடங்கியது.

பழனாயி அக்கா தன் போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைவிட்டு விலகி நின்றார். மற்றவர்கள் ஏற்கெனவே பாதி வழி இறங்கியிருந்தார்கள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான் ஒன்று விட்டால் அது ஒன்று விடும். ஊர் இரண்டுபட்டது. பெட்டியில் வந்தது வேறு எவனோ, பூபதி உயிரோடு எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றார்கள் சிலர். செத்தவன்தான் அடிக்கிறான் என்றார்கள் மற்றவர்கள். என் போனுக்கு யாரோ வேப்பிலை கட்டிவிட்டுப் போனார்கள். நான் வளையலையும் பொட்டையும் எடுக்கவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று புருஷன் தினமும் சொல்லும்போது நான் எதற்குத் தாலியைக் கழற்ற வேண்டும்?

முள்ளுக்குறிச்சியில் போன் கடை வைத்திருக்கும் ரமீஸ் விஷயம் கேள்விப்பட்டு வண்டியில் வந்தான். எங்கள் ஊர் போன்கள் அத்தனையும் அவன் விற்றவைதான்.

"யாரு கையிலயோ போன் கெடைச்சிருக்குதுங்க்கா. நீங்க கட் பண்ணாம நில்லுங்க. எடுத்தாங்கன்னா யாருன்னு கேட்டுப்போடலாம்."

"வேற ஆளு கையில கெடைச்சிருந்தா, அவன் எதுக்குத் தம்பி ஒத்த ரிங்குல நிறுத்தோணும்? அந்தக் கணக்கு அவனுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

உண்மையைச் சொன்னால், கட் செய்யாமல் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நின்றால் யாராவது பேசுவார்கள். பேசுவது அவராக இல்லாவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

ரமீஸ் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். "எனக்குப் பயமா இருக்குதுங்க்கா. வெளியூர்ல ஆளே இல்லாதவங்கெல்லாம் வந்து போன் வாங்கறாங்க."

அவன் சொன்னது அன்று சாயங்காலம் புரிந்தது. பாறையில் கூட்டம் அதிகமாக இருந்தது. காய்ச்சலில் மகளைப் பறிகொடுத்த குழந்தைசாமி அண்ணன் புதுப் போனோடு நின்றிருந்தார். அந்தப் போனின் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைக்கூட அவர் இன்னும் உரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"பூபதிகிட்ட ஒரு சொல்லு சொல்லு அம்மிணி. என்ற புள்ள அங்க இருந்தா, அவளையும் ஒரு ரிங்கு உடச் சொல்லு. நம்பர எழுதித் தரட்டுமா?"

எனக்கு அழ வேண்டும் போலவும் அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது. இருட்டுகிற நேரத்தில் அத்தனை பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னுடையது அடித்தபோது எல்லா முகமும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பியது. அன்றைக்குத்தான் எனக்கு என் ஊரைப் பார்த்தே பயம் வந்தது.

அப்புறம் பழனாயி அக்காவின் போன் அடித்தது, வழக்கம்போல ஒன்று. அவர் அதைப் பார்த்தபடியே நின்றார். "என்ற பையனும் இப்படித்தான் ஒத்த ரிங்கு உடறான். அது அவன்தான்னு நான் எதை வெச்சு நம்பறது?" என்று சொல்லிவிட்டு, உடனே திருப்பி அடித்து, கட் செய்யாமல் காதில் வைத்தார். காசு போகுது, எதுக்கம்மா அடிச்ச என்று மகன் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அந்தத் திட்டைக் கேட்டு அவர் பாறையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். மறுநாளிலிருந்து ஒவ்வொருத்தியாக அதையே செய்தார்கள். ரிங்கை யாரும் நம்பவில்லை. நம்பியது நானும், செத்தவர்களுக்காக நின்றவர்களும்தான்.

கருமாதிக்கு முந்தின நாள் பெரிய மாமனார் கருப்பண்ணன் வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"ஏம் அம்மிணி, ஊரே கெட்டுப்போச்சு. இன்னைக்கு அந்தப் போன நீ எடுக்கோணும். அவன் பேசினான்னா நானே சத்தீஸ்கருக்கு ரயில் ஏறறேன். பேசலீன்னா நாளைக்குத் தாலியக் கழட்டிப்போடோணும். ரெண்டுல ஒண்ணு."

"செரிங்க மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் கேட்டது நியாயம்தான்.

நான் கிளம்பும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளும் நான் இறங்கி வருகிறவரை பாறைக்கு அடியில் நின்று, "அடிச்சானா?" என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் சோறு தின்பார்.

"எடுக்காத சாமி. உங்க பெரிய மாமன் கெடக்கறாரு. எடுத்துட்டேன்னு பொய் சொல்லிக்கலாம். அது பாட்டுக்கு அடிச்சுட்டு இருக்கட்டும்."

கையை விடுவித்துக்கொண்டு ஏறினேன். மற்றவர்களைக் கீழேயே நிற்கச் சொல்லியிருந்தார் பெரிய மாமனார். பாறையில் நான் மட்டும். மலை மேலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் எப்போதும்போல ஒரு ரிங் விட்டேன். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அடங்குவதற்குள் பச்சைப் பட்டனை அழுத்திக் காதில் வைத்தேன்.

அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது. நானும் பிடித்துக்கொண்டேன். பூபதி என்று கூப்பிட நினைத்து வாயைத் திறந்தேன். அதற்குள் அங்கே குரல் வந்தது.

"சுக்ராம்?"

ஒரு பெண். சின்னப் பெண்.

"சுக்ராம்?" என்றாள் மறுபடியும். அந்தக் கேள்வியை நான் தினமும் இந்தப் பாறையில் நின்று மனசுக்குள் கேட்டிருக்கிறேன். பெயர் மட்டும்தான் வேறு.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. டெண்டில் கிடந்த போனை, அவளுடைய புருஷனுடையது என்று அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரே வண்டியில் இருந்தவர்கள், எங்கள் ஆட்களைப் பார்த்துச் சுக்ராமும் வீட்டுக்கு ஒத்த ரிங் விடப் பழகியிருப்பான். வந்தது அவன் போனே இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்படியானால் செத்தது அவனும் இல்லை என்று உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் நான் ஒரு ரிங் விட்டேன். போன் மாறிப்போன அவளுடைய புருஷன்தான் வேறு நம்பரிலிருந்து நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறான் என்று நினைத்து அவள் திருப்பி ஒன்று விட்டாள். அவள் விட்டதை நான் நம்பினேன், நான் விட்டதை அவள் நம்பினாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் யாருமே இல்லை.

என் பூபதி இல்லை. அந்த ஆணி அடித்த பெட்டியில்தான் வந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழக்கூட முடியாமல் 'ம்' என்று ஒரு முனகல் மட்டும் வெளியே வந்தது.

அவள் அலறினாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. கடகடவென்று பேச ஆரம்பித்தாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இடையிடையே யாரையோ கூப்பிட்டாள், பக்கத்தில் ஒரு கிழவியின் குரலும் சேர்ந்துகொண்டது. நான் சுக்ராம் இல்லை என்று சொல்ல எனக்கு அவள் பாஷை தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா? லைன் தானாக அறுகிறவரை கேட்டுக்கொண்டே நின்றேன்.

கீழே இறங்கி, "அவரு இல்லீங்க மாமா" என்றேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் தாலியைக் கழற்றினார்கள். குழந்தைசாமி அண்ணன் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, போனை ரமீஸிடமே திருப்பிக் கொடுக்கப் போனார்.

அன்று சாயங்காலம் மறுபடியும் பாறைக்குப் போனேன். வெறுங்கழுத்தோடு வந்த என்னை யாரும் தடுக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. பூபதி என்றுதான் பெயர் வந்தது. ஒரே ரிங்.

எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்கு இன்னும் புருஷன் இருக்கிறான். நான் ஒரு நாள் விடாமல் இருந்தால் போதும், அவனும் செத்துப்போவான். நேற்றுவரை என்னைப் பிடித்து ஆட்டியது எதுவோ, அது இப்போது அவளுக்கு நான்தான். அவளுக்கு நல்லது செய்கிறேனா கெடுதல் செய்கிறேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருடைய நம்பரை அழுத்தினேன், ஒரு ரிங் போனதும் கட் செய்தேன்.

பாறைக்கு அடியில் மாமியார் நின்றிருந்தார். காலையில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவர்தான்.

"அடிச்சானா கண்ணு?" என்றார்.

"அடிச்சாருங்க அத்தை" என்றேன். அவர் சோறு தின்னப் போனார்.